ஊட்டத்தூர் முதல் அரியலூர் வரை: ஹென்றி பிளான்போர்ட்டின் வாழ்க்கை

நம்மில் பலருடைய தாத்தா பாட்டியின் பூர்வீகத்தைக் கேட்டால் திருச்சி ஜில்லா என்ற பதில் வரும். இன்னும் துருவிக் கேட்டால் லால்குடி, பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் என்று ஏதேனும் ஓர் ஊர்ப் பெயர் கிடைக்கும். இந்த ஊர்களில் சிலவற்றின் பெயர்கள் உலகெங்கிலும் உள்ள புவியியல் துறை நூல்களில் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இடம்பெற்று வருகின்றன. ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று மூன்று பாறைத் தொகுதிகள் அங்கே பேசப்படுகின்றன. அந்தப் பெயர்களை வைத்தவர் ஓர் ஆங்கிலேயர். வைத்தபோது அவருக்கு முப்பது வயது கூட நிரம்பவில்லை. அவரே பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகவும் ஆனார். ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்ட் என்ற அந்த அறிஞரை வானிலைக்காக நினைவுகூர்வோர் பலர். அவர் தமிழ் மண்ணில் செய்த வேலையை அறிந்தவர்கள் புவியியலாளர்களைத் தவிர மிகச் சிலரே.

பிளான்போர்ட் 1834-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது மூத்தவரான அண்ணன் வில்லியம் தாமஸ் பிளான்போர்ட்டும் புவியியலாளர்தான். விலங்கியலிலும் பெரும் பெயர் பெற்றவர். நூல்களில் பிளான்போர்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது அண்ணனா தம்பியா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இருவரையும் குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது. 1851-இல் இலண்டனில் அரசு சுரங்கவியல் கல்லூரி திறக்கப்பட்டபோது ஹென்றி அதில் சேர்ந்தார். அவருக்குப் பின் அண்ணனும் அங்கே சேர்ந்தார். பிறகு ஜெர்மனியின் பிரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்திலும் ஹென்றி பயின்றார். இலண்டன் கல்லூரியில் அந்த ஆண்டுகளில் பாடம் நடத்தியவர்களில் எட்வர்ட் போர்ப்ஸ் என்ற பேராசிரியரும் ஒருவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு இவர் மீண்டும் வருவார்.

1855-இல் சகோதரர்கள் இருவரும் கல்கத்தா வந்து, தாமஸ் ஓல்டாம் தலைமையில் இயங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தனர். முதல் வேலை ஒரிசாவின் தால்சேர் நிலக்கரி வயல். அங்கே நிலக்கரிக்கு அடியில் நுண்ணிய சேற்றுக்குள் பெரிய பெரிய பாறை உருண்டைகள் புதைந்திருப்பதைக் கண்டு, இவற்றைப் பனிக்கட்டி சுமந்து வந்து போட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனிக்கட்டியா என்று அன்று ஐயம் எழுந்தது. பிற்கால ஆய்வுகள் அவர்களுடைய கூற்றைச் சரியென்று காட்டின. 1857-இல் ஹென்றி பிளான்போர்ட்டைச் சென்னை மாகாணத்திற்கு அனுப்பினார்கள். நீலகிரியின் பாறை அமைப்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியபின் அவருடைய முழுக் கவனமும் திருச்சி, தென்னாற்காடு மாவட்டங்களின் சமவெளிக்குத் திரும்பியது.

அங்கே என்ன இருந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி மிகப் பழைய, கடினமான பாறைகளால் ஆனது. மலைக்கோட்டைப் பாறை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தகைய பாறைகளில் சிப்பியோ சங்கோ கிடைக்காது. ஆனால் திருச்சிக்கு வடகிழக்கே சில நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமாக வேறு வகைப் பாறைகள் தொடங்குகின்றன. அவற்றுள் கடல் உயிர்களின் எச்சங்கள் குவிந்து கிடக்கின்றன. இன்றைய கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, காரை என்ற கிராமத்தின் செம்மண் ஓடைகளில், சுருண்ட அம்மோனைட்டுகள் காலில் தட்டுப்படும். சாளக்கிராமக் கல்லைக் கண்டவர்களுக்கு அம்மோனைட்டு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை; சாளக்கிராமமும் அந்த இனத்தின் எச்சமே. (ஊர்ப் பெயர் காரைதான், கரை அன்று. ஆனாலும் ஒரு காலத்தில் கடற்கரை அதன் பக்கத்தில்தான் இருந்தது.) இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்து நகரத் தொடங்கியபின் உருவான கிழக்குக் கடற்கரையில், கிரட்டேசியஸ் காலத்துக் கடல் உள்ளே புகுந்து படியவிட்ட மண் அது. சுண்ணக்காலம் என்றும் நம் நூல்களில் குறிப்பிடப்படும் அந்தக் காலம் பதினான்கரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. டைனசோர்கள் கடைசியாக வாழ்ந்த காலம் அதுவே. நம் நாட்டிலும் அக்காலப் பாறைகள் உண்டு. பகாங்கில் 2012-இல் கண்டெடுக்கப்பட்ட டைனசோர் பல் அத்தகைய பாறையிலிருந்து கிடைத்ததே. ஆனால் பகாங்கில் அவை நிலத்தில், ஆற்றில் படிந்தவை. திருச்சிக்கு வடகிழக்கே உள்ளவை கடலில் படிந்தவை.

பிளான்போர்ட் வருவதற்கு முன்பே இந்த எச்சங்களை வெளியுலகம் ஓரளவு அறிந்திருந்தது. கே, கன்லிப் என்ற இரு ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய மூன்று வட்டாரங்களிலும் எச்சங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றை ஆராய்ந்து 1846-இல் எழுதியவர்தான் நாம் மேலே கண்ட எட்வர்ட் போர்ப்ஸ். பாண்டிச்சேரி அம்மோனைட்டுகளுக்கு அவர் சூரியா, இந்திரா, பிரம்மா என்றெல்லாம் இந்தியத் தெய்வங்களின் பெயர்களைச் சூட்டினார். இன்றும் அந்த இனங்கள் அதே பெயர்களில் வழங்குகின்றன. மூன்று இடங்களில் பாண்டிச்சேரிதான் மிகப் பழையது, கிரட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தது என்பது அவருடைய முடிவு. சிப்பிகளை மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்ன முடிவு அது. பாறைகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன என்பதை நேரில் நடந்து பார்த்தவர் அதுவரை எவரும் இலர்.

பிளான்போர்ட் செய்தது அந்த நடைதான். ஊட்டத்தூர், இன்றைய திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூருக்கு அருகே உள்ள சிற்றூர். அங்கிருந்து கிழக்கே அரியலூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அந்த வட்டாரத்தில் படிவுப்பாறைகள் கிழக்கு நோக்கி மிக மெல்லச் சரிந்துள்ளன. ஓலைச்சுவடிக் கட்டைச் சற்றுச் சாய்த்து மேற்புறத்தைச் சீவிவிட்டால் ஒவ்வோர் ஓலையின் விளிம்பும் வரிசையாகத் தெரியும் அல்லவா? அதுபோல மேற்கே வெளித்தெரிவது அடி அடுக்கு. கிழக்கே போகப் போக மேல் அடுக்கு. ஆகவே ஊட்டத்தூரிலிருந்து அரியலூர் வரை நடப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகளைக் கடக்கிறார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தரையில் அடுக்குகள் இப்படித் தெளிவாகத் தெரிவதில்லை. கரிசல் மண் மூடியிருக்கும். வயலும் ஏரியும் குறுக்கிடும். ஓடைக்கரை, கிணறு வெட்டிய குழி, வண்டிப்பாதையின் ஓரம் என்று பாறை எட்டிப்பார்க்கும் இடங்களைத் தேடித் தேடி, ஒன்றோடொன்று இணைத்து வரைபடத்தில் கோடு இழுக்க வேண்டும்.

அப்படி இழுத்த கோடுகளால் அவர் இந்தப் பாறைகளை மூன்றாகப் பிரித்தார். அடியில் இருப்பது ஊட்டத்தூர்த் தொகுதி. பழைய கடினப் பாறையின்மேல் இது நேரடியாக அமர்ந்திருக்கிறது. அடிப்பகுதியில் சில இடங்களில் பவளத்தால் ஆன சுண்ணாம்புக்கல்லும் அதன்மேல் ஜிப்சம் இழையோடிய களிமண்ணும் காணப்படும். அம்மோனைட்டுகளும், துப்பாக்கி ரவை போன்ற வடிவமுள்ள பெலம்னைட்டுகளும் இதில் ஏராளம். நடுவில் இருப்பது திருச்சிராப்பள்ளித் தொகுதி. இதில் மணலும் கூழாங்கல்லும் கூடுதல். கருடமங்கலம் பகுதியில் சங்கு, சிப்பிகளே கெட்டிப்பட்டுக் கல்லான சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. மெருகேற்றினால் பளபளக்கும் அந்தக் கல்லைத் திருச்சினாப்பள்ளி மார்பிள் என்று வெள்ளைக்காரர்கள் அலங்காரப் பொருள்கள் செய்யப் பயன்படுத்தினார்கள். மேலே இருப்பது அரியலூர்த் தொகுதி. வெளிர்நிற மணற்கல்லும், களிமண்ணும், அடர்ந்த சிப்பிப் படுகைகளும் இதில் அடங்கும்.

எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பிளான்போர்ட்டின் திறமையை இந்தக் கேள்வியில்தான் காணலாம். கல்லின் நிறத்தையோ தன்மையையோ மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். ஒரே காலத்தில் ஓரிடத்தில் மணலும் பத்து மைல் தள்ளிச் சேறும் படியலாம். ஊட்டத்தூர்க் களிமண்ணுக்கும் திருச்சிராப்பள்ளித் தொகுதிக்கும் இடையே அவர் கண்டது ஓர் இடைவெளி. கடல் பின்வாங்கி, படிந்த மண் வெளியே தெரிந்து, மழையிலும் காற்றிலும் அரித்து, பிறகு கடல் மீண்டும் ஏறி வந்து புதிய மண்ணைப் படியவிட்டதற்கான அடையாளங்கள் அங்கே இருந்தன. புதிய தொகுதியின் அடியில் கருங்கல் உருண்டைகள் தோன்றின. எச்சங்களும் கணிசமாக மாறின. பாறையும் எச்சமும் அரிப்பும் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டியபோதுதான் அவர் அங்கே கோடு போட்டார். என் பார்வையில், நூற்றாண்டு கடந்தும் அந்தக் கோடு நிலைத்ததற்குக் காரணம் இந்தப் பொறுமைதான்.

அவருடைய அறிக்கை 1862-இல் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாக வந்தது. அதில் ஊர்ப் பெயர்கள் பழைய ஆங்கில எழுத்துமுறையில் ஊட்டடூர், அர்ரியலூர் என்று ஒலிக்கும்படி அச்சாகியிருக்கும். நம்மவர்களுக்கு அடையாளம் காண ஒரு நிமிடம் பிடிக்கும்.

இந்த வேலைக்கு அவர் கொடுத்த விலை உடல்நலம். வெயிலிலும் கூடாரத்திலும் கழித்த ஆண்டுகள் அவரை வாட்டிவிட்டன. அறிக்கை வெளிவந்த அதே 1862-இல் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து விலகினார். அப்போது வயது 28. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். திருச்சியிலிருந்து கொண்டுவந்த எச்சங்களில் ஒரு பகுதியை மட்டும் விவரித்து எழுத அவருக்கு நேரம் கிடைத்தது. மற்றவை பெட்டிகளில் காத்திருந்தன.

அந்தப் பெட்டிகளைத் திறந்தவர் அதே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்ற மொராவியா நாட்டு இளைஞர். பத்தே ஆண்டுகளில் தென்னிந்தியக் கிரட்டேசியஸ் எச்சங்களைப் பற்றி நான்கு பெரும் தொகுதிகள் வெளிவந்தன. முதல் தொகுதியில் பிளான்போர்ட்டின் பங்கும் உண்டு. மற்றவை ஸ்டோலிஸ்காவின் உழைப்பு. ஒவ்வொரு சிப்பியும் எந்த ஊரில், எந்தத் தொகுதியில் கிடைத்தது என்ற குறிப்பு அவற்றில் உண்டு. அந்தக் குறிப்புகளைக் கொண்டு அவர் ஐரோப்பாவோடு ஒப்பிட்டார். ஊட்டத்தூர்த் தொகுதி பிரான்சின் செனோமேனியன் அடுக்குக்கும், திருச்சிராப்பள்ளி துரோனியனுக்கும், அரியலூர் செனோனியனுக்கும் இணை என்றார். லெ மான், தூர், சான்ஸ் என்ற மூன்று பிரெஞ்சு நகரங்களின் பழம்பெயர்களிலிருந்து வந்தவை இந்தச் சொற்கள். ஊட்டத்தூர்க்காரருக்கு லெ மான் எங்கே என்று தெரியாது, லெ மான்காரருக்கு ஊட்டத்தூர் தெரியாது. ஆனால் இரண்டு இடத்துச் சிப்பிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்தவை. பிற்கால ஆய்வுகள் எல்லைகளைச் சற்று முன்பின்னாக நகர்த்தியிருக்கின்றன, வரிசை மாறவில்லை. ஸ்டோலிஸ்கா பினாங்குக்கும் வந்தவர் என்பதை நாம் சொல்லாமல் விடக்கூடாது. பினாங்குத் தீவின் நில நத்தைகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1870-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. 1874-இல் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் இறந்துபோனார். வயது 36.

பிளான்போர்ட்டுக்குத் திரும்புவோம். 1864 அக்டோபரில் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் தாக்கிப் பேரழிவை உண்டாக்கியது. அந்தப் புயலைப் பற்றிய அறிக்கையைக் காஸ்ட்ரெல் என்ற அதிகாரியோடு சேர்ந்து அவர் எழுதினார். பாறையிலிருந்து காற்றுக்கு அவர் மாறிய கதை இப்படித் தொடங்கியது. 1867-இல் வங்காள அரசின் வானிலை அதிகாரி ஆனார். 1875-இல் இந்தியா முழுவதற்குமான வானிலைத் துறை ஏற்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது.

அதே 1875-இல் இலண்டன் புவியியல் கழக இதழில் அவருடைய கட்டுரை ஒன்று வெளியானது. பாறைகளை விட்டு விலகி ஆண்டுகள் பல ஆனபின் எழுதிய அந்தக் கட்டுரை, தமிழ் மாணவர்களாகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. இந்தியாவின் தாவர எச்சப் பாறைகளின் வயதைப் பற்றியது அது. ஆனால் அதன் முடிவு வேறோர் இடத்திற்குப் போகிறது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பெர்மியன் காலத்தில் ஒரே நிலப்பரப்பால் இணைந்திருந்தன என்றும், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மயோசீன் காலத்தின் இறுதி வரை ஏறக்குறைய அப்படியே இணைந்திருந்தன என்றும் அவர் வாதிட்டார். அந்த நிலத்திற்கு இந்தோ-பெருங்கடல் கண்டம் என்று பெயரிட்டார்.

அவருடைய சான்றுகளுள் ஒன்று நம் பூர்வீக ஊர்களின் சிப்பிகள். திருச்சி வட்டாரத்துக் கிரட்டேசியஸ் எச்சங்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரை எச்சங்களோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. அசாமிலும் அதே வகை. ஆனால் திருச்சியிலிருந்து அவ்வளவு தொலைவில் இல்லாத நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் அதே காலத்து எச்சங்கள் அவற்றை ஒத்திருக்கவில்லை. அவை அரேபியாவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவை. பக்கத்தில் இருப்பது அந்நியமாகவும், கடலுக்கு அப்பால் இருப்பது உறவாகவும் இருப்பது எப்படி? இரண்டு வெவ்வேறு கடல்கள் இருந்திருக்க வேண்டும். அவற்றுக்கு நடுவே ஒரு நிலம் தடுப்பாக இருந்திருக்க வேண்டும். அந்த நிலத்தின் கரையோரமாகவே உயிரினங்கள் நேட்டாலுக்கும் திருச்சிக்கும் இடையே பரவியிருக்க வேண்டும். இதுவே அவருடைய தர்க்கம். (பிளான்போர்ட் திருச்சி வட்டார ஆய்வில் ஈடுபட்டிருந்த அதே காலகட்டத்தில், 1860-இல், சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. சிப்பிகளுக்குப் பிறகு மனிதர்கள்.)

லெமூரியா என்ற பெயரை 1864-இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர், லெமூர் என்னும் விலங்குகளின் பரவலை விளக்குவதற்காகச் சூட்டினார். அக்காலத்தில் இத்தகைய கருத்துகள் பல வந்தன. பின்னர் தமிழறிஞர்கள் சிலர் இவற்றை எடுத்து, சங்க நூல்களின் உரைகளில் வரும் கடல்கோள் செய்தியோடு இணைத்துக் குமரிக்கண்டம் என்றார்கள். நம் கழக இதழ்களில் இன்றும் மேலைநாட்டுப் புவியியலாளர்களே ஒப்புக்கொண்டார்கள் என்ற வாதம் அடிக்கடி தலைகாட்டுகிறது. அப்படி ஒப்புக்கொண்டவர்களில் ஒருவரான பிளான்போர்ட் உண்மையில் என்ன சொன்னார் என்று பார்த்தால், அந்த வாதத்திற்கு அவர் துணை வரமாட்டார். அவர் கணக்கில் அந்த நிலம் மயோசீன் இறுதியோடு துண்டாகிவிட்டது. அது ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம். அன்று மனித இனமே தோன்றியிருக்கவில்லை. பிறகு அங்கே சங்கம் வைத்துத் தமிழ் வளர்ப்பது யார்?

அவருடைய முடிவும் பின்னாளில் மாறிவிட்டது. 1960-களில் கடலடித் தரை எவ்வாறு விரிகிறது என்பது நிறுவப்பட்டபின், நிலம் மூழ்கவில்லை, நிலங்கள் நகர்ந்தன என்பது தெளிவாயிற்று. இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தவை. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தது ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன், திருச்சிராப்பள்ளித் தொகுதியின் மணல் படிந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டி. நேட்டால் கரையும் திருச்சிக் கரையும் அன்று இன்றைக்குவிட மிக நெருங்கியிருந்தன. ஆகவே பிளான்போர்ட் கண்ட ஒற்றுமை உண்மையானது. அதற்கு அவர் கற்பித்த காரணமே தவறு. குமரிக்கண்டத்தை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இலக்கியத்தில் அதற்கு ஓரிடம் உண்டு. ஆனால் அதற்குச் சாட்சியாக அரியலூர்ச் சிப்பியைக் கூப்பிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

வானிலைத் துறையில் அவருக்குக் காத்திருந்த சோதனை கடுமையானது. பொறுப்பேற்ற மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கலாம். இலட்சக்கணக்கானோர் மடிந்தனர், ஊரை விட்டுக் கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தார்கள். பருவமழை பொய்க்கப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வியோடு அரசு பிளான்போர்ட்டை நாடியது. இமயமலையில் பனி மிகுந்து நெடுநாள் உருகாமல் கிடக்கும் ஆண்டுகளில் கோடைப் பருவமழை குறைகிறது என்ற தொடர்பை அவர் கண்டார். 1880-களின் தொடக்கத்தில் சோதனையாகச் சில முன்கணிப்புகளைச் செய்து பார்த்து, 1884-இல் அந்தத் தொடர்பைக் கட்டுரையாக வெளியிட்டார். 1886 முதல் முறையான பருவமழை முன்கணிப்பு தொடங்கியது. இமயப் பனி ஒன்றே மழையைத் தீர்மானிப்பதில்லை என்பது பின்னர் தெரியவந்தாலும், 1976-இல் ஹான், சுக்லா என்ற இருவர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை மீண்டும் ஆராய்ந்தபோது பழைய பிளான்போர்ட் மறுபடியும் மேற்கோள்களில் வந்து உட்கார்ந்தார்.

1880-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் ஆனார். இந்தியப் பள்ளிகளுக்கான புவியியல் பாடநூல்களும் எழுதினார். இந்தியா, இலங்கை, பர்மாவின் தட்பவெப்பத்தைப் பற்றிய நூல் 1889-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போக்ஸ்டன் நகரில் வாழ்ந்தார். அங்கேயே 1893 ஜனவரி 23-ஆம் நாள் காலமானார். வயது 58.

அவர் இறந்தபின் வந்த ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பாண்டிச்சேரிக்கு அருகே வழுதாவூர்ப் பகுதியிலுள்ள பாறைகளைப் பிளான்போர்ட் ஊட்டத்தூர்த் தொகுதிக்கு இணையாக வைத்திருந்தார். திருச்சிக்கும் பாண்டிச்சேரிக்கும் இடையே இந்தப் பாறைகள் தொடர்ச்சியாகத் தெரிவதில்லை. வெள்ளாறும் பெண்ணையாறும் கொண்டுவந்த வண்டலும், பிற்காலத்துக் கடலூர் மணற்கல்லும் மேலே மூடிக் கிடக்கின்றன. கால்நடையாகப் பின்தொடர முடியாத அந்த இடைவெளியை அம்மோனைட்டுகளின் தோற்றத்தைக் கொண்டே தாண்ட வேண்டியிருந்தது. 1890-களில் வார்த் என்பவர் பாண்டிச்சேரியில் அடுக்கு அடுக்காக எச்சங்களைப் புதிதாகத் திரட்டினார். அவற்றை வியன்னாவின் பிரான்ஸ் கோஸ்மாட் ஆராய்ந்து, வழுதாவூர்ப் பாறைகள் அடியில் உள்ள ஊட்டத்தூருக்கு இணை அல்ல, உச்சியில் உள்ள அரியலூருக்கே இணை என்று 1897-இல் காட்டினார். சூரியாவும் இந்திராவும் பிரம்மாவும் இப்படிப் படிவரிசையின் அடியிலிருந்து உச்சிக்கு வந்து சேர்ந்தன. நீண்டகாலம் அதிகம் மாறாமல் வாழ்ந்த சில அம்மோனைட்டுக் குடும்பங்கள் பாண்டிச்சேரியில் மிகுந்திருப்பது பழமையின் தோற்றத்தைத் தரக்கூடியது. போர்ப்ஸ் மேசையிலிருந்து சறுக்கிய அதே இடத்தில், நடந்து பார்க்க வழியில்லாத பிளான்போர்ட்டும் சறுக்கினார்.

அவர் நடந்த இடங்களில் நிலைமை வேறு. 1929-இல் மேட்லி கல்லமேட்டின் டைனசோர் எலும்புகளைப் பற்றி எழுதியபோதும், 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் கல்லாகிப்போன பதினெட்டு மீட்டர் மரத்தைக் கண்டறிந்தபோதும், அவற்றைப் பொருத்திவைக்கப் பிளான்போர்ட்டின் மூன்று தொகுதிகளே பயன்பட்டன. எலும்புகள் அரியலூரின் உச்சிப் பகுதிக்கும், மரம் திருச்சிராப்பள்ளிக்கும் போயின. அடியில் உள்ள பவளச் சுண்ணாம்புக்கல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதை வெட்டி சிமெண்ட் செய்யும் ஆலை வந்ததால்தான் கல்லக்குடி டால்மியாபுரம் ஆயிற்று. 1953-இல் அந்தப் பெயரை மாற்றக் கோரிக் கலைஞர் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த போராட்டம் தமிழ் படிக்கும் நம் அனைவருக்கும் தெரியும். புவியியலாளர்களின் பட்டியலில் டால்மியாபுரம் என்ற பெயரும் ஏறிவிட்டது. 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் சுந்தரம், ராவ் ஆகியோர் மூன்று தொகுதிகளையும் மேலும் நுணுக்கமாகப் பகுத்தார்கள். ஊட்டத்தூருக்குள் டால்மியாபுரம், காரை, மருவத்தூர். திருச்சிராப்பள்ளிக்குள் குளக்கால்நத்தம், ஆனைப்பாடி. அரியலூருக்குள் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று உட்பிரிவுகள் பிறந்தன. பட்டியலின் இடப்பக்கத்தில் பிளான்போர்ட் வைத்த மூன்று பெயர்களும், வலப்பக்கத்தில் இந்தக் கிராமங்களுமாக அது அச்சாகி வருகிறது. உங்கள் பூர்வீக ஊர் இவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம்.